புது ஆர்பிஜி தேடுகிறீர்களா? முதலில் படலையடியில் நின்று கேளுங்கள்

கொக்குவிலில் எங்கள் வீட்டு விறாந்தையில் சனிக்கிழமை பின்னேரங்களில் ஆறு பேர் ஆர்பிஜி, அதாவது ரோல் பிளேயிங் கேம், விளையாடுகிறோம். ஐந்து மணிக்குத் தொடங்கினால் எட்டரைக்கு முடித்தாக வேண்டும். ஒருவர் வட்டுக்கோட்டை வரை மோட்டார் சைக்கிளில் போக வேண்டும், இன்னொருத்திக்கு எட்டு மணிக்கே வீட்டிலிருந்து போன் வரத் தொடங்கிவிடும். எங்கள் அம்மாவோ எட்டே காலுக்கே ஃபான் சுவிச்சைப் பார்க்கத் தொடங்கிவிடுவா. அவவைப் பொறுத்தவரை இது "உந்தக் கட்டை உருட்டுற விளையாட்டு".

தெரியாதவர்களுக்காக இரண்டு வரி. ஒருவர் கதையை நடத்துவார், எங்கள் மேசையில் அது நான். மற்றவர்கள் ஆளுக்கொரு பாத்திரமாக இருந்து "நான் இப்ப இதைச் செய்யிறன்" என்பார்கள். அது நடக்குமா என்ற சந்தேகம் வந்தால் கட்டை உருளும். எந்தக் கட்டை, எப்போது உருட்டுவது, எத்தனை விழுந்தால் என்ன என்று சொல்வதுதான் சிஸ்டம். 1974இல் கேரி கைகாக்ஸும் டேவ் ஆர்னசனும் டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸை (டி அண்ட் டி) வெளியிட்ட நாளிலிருந்து இன்றுவரை வந்த சிஸ்டங்களுக்குக் கணக்கில்லை. அதனால்தான் ஒன்றைத் தெரிவு செய்வது இவ்வளவு தலையிடி.

நான் பல்கலைக்கழகத்துக்குக் கிட்ட ஒரு போட்டோக்கொப்பிக் கடை வைத்திருக்கிறேன். எதைப் பார்த்தாலும் எத்தனை பக்கம், எத்தனை பிரதி என்றுதான் முதலில் யோசனை போகும். அந்தப் புத்தி இந்த விஷயத்தில் உதவியது, ஆனால் பிந்தித்தான் உதவியது.

நாங்களும் டி அண்ட் டியின் ஐந்தாம் பதிப்பில்தான் தொடங்கினோம், 2019இல். நல்ல விளையாட்டு, குறை சொல்ல மாட்டேன். ஆனால் பாத்திரங்கள் எட்டாம் லெவலுக்கு வந்தபோது ஒரு சண்டை முடிய ஒன்றே முக்கால் மணித்தியாலம் எடுத்தது. எங்களுக்குக் கிடைப்பதே மூன்றரை. என் தம்பி தன் முறை வருவதற்குள் கிரிக்கெட் ஸ்கோர் முழுக்கப் பார்த்து முடித்துவிடுவான். "அக்கா, வேற ஏதும் விளையாடுவமே?" என்று முதலில் கேட்டவனும் அவன்தான்.

நான் என்ன செய்தேன் என்றால், இரவிரவாக விமர்சனங்கள் வாசித்து, பாத்ஃபைண்டர் என்ற இன்னொரு ஆர்பிஜியின் இரண்டாம் பதிப்பில் விழுந்தேன். ஒவ்வொருவர் முறைக்கும் மூன்று செயல் என்ற அதன் ஒழுங்கு எனக்கு அப்படிப் பிடித்துப்போயிற்று. விதிகள் முழுவதும் ஆர்க்கைவ்ஸ் ஒஃப் நெத்திஸ் தளத்தில் இலவசமாகக் கிடக்கின்றன. இரண்டு கிழமை படித்தேன், எல்லாருக்கும் இணைப்பு அனுப்பினேன். ஒருவரும் திறந்தும் பார்க்கவில்லை. விதி கூடிப்போய்க் களைத்த ஆட்களுக்கு இன்னும் விதி கொண்டுபோய்க் கொடுத்திருக்கிறேன். எனக்குப் பிடித்ததைத் தெரிவு செய்தேனே தவிர, மேசையில் இருந்தவர்களை நான் பார்க்கவேயில்லை.

சிஸ்டம்தான் குற்றவாளியா?

முதலில் இதைப் பார்த்துவிடுங்கள். ஆட்கள் பிந்தி வருவது, ஒரே ஆள் எல்லார் முறையிலும் கதைப்பது, நடத்துகிறவர் களைத்துப்போனது, இவற்றை எந்தப் புத்தகமும் திருத்தாது. நடத்துகிறவர் களைத்திருந்தால் இரண்டு மாதம் காட்ஸில் 304 விளையாடுங்கள். கட்டாயம் வேறு சிஸ்டம்தான் வேண்டும் என்று அதன்பிறகும் தோன்றினால் மேலே வாசியுங்கள்.

ஒரு சின்னச் சோதனை இருக்கிறது. ஒரு செஷனை மணிக்கூட்டோடு பாருங்கள். சண்டை எத்தனை நிமிடம், ஊர் ஆட்களோடு கதைத்தது எத்தனை நிமிடம், திட்டம் போட்டது எத்தனை, புத்தகம் புரட்டியது எத்தனை என்று ஒரு கொப்பியில் குறியுங்கள். எங்கள் மேசையில் புத்தகம் புரட்டியது மட்டும் 25 நிமிடம். அது எனக்குப் பெரிய அதிர்ச்சி, ஏனென்றால் புரட்டியது நான்.

படலையடிக் கதை

யாழ்ப்பாணத்தில் ஒருவர் "சரி, நான் வெளிக்கிடுறன்" என்று சொன்னால் அது போவதற்கான அறிவிப்பு இல்லை. அதற்குப் பிறகு படலையடியில் நின்று இன்னும் அரை மணித்தியாலம் கதை நடக்கும். மோட்டார் சைக்கிளில் ஏறியும் இருப்பார், ஸ்டார்ட் பண்ண மாட்டார். நான் பாத்ஃபைண்டரில் சூடுபட்ட பிறகு, நாலு சனிக்கிழமை அந்தக் கதையைக் காது கொடுத்துக் கேட்டேன். உள்ளே வந்ததும் கொப்பியில் எழுதினேன்.

விளையாட்டின் நடுவில் "எப்படி இருக்கு?" என்று கேட்டால் எல்லாரும் "நல்லாயிருக்கு அக்கா" என்றுதான் சொல்வார்கள். நான் பெரியவள், வீடும் என்னுடையது, தேத்தண்ணியும் கடலையும் எங்கள் வீட்டுச் செலவு. யார் குறை சொல்வார்கள்? படலையடியில் அப்படியில்லை. ஆட்கள் மனதில் எது ஒட்டியதோ அதைத்தான் அங்கே திருப்பிச் சொல்வார்கள்.

நாலு கிழமைக் கொப்பியில் இருந்தது இதுதான். ஒரு சண்டையைப் பற்றியும் ஒருவரும் ஒரு வார்த்தை கதைக்கவில்லை. புதையல், மந்திர வாள், லெவல் ஏறியது, ஒன்றும் இல்லை. பாலத்தைக் கடக்க மாட்டு வண்டிக்குள் வைக்கோல் போட்டு ஒளிந்துபோன திட்டத்தை மூன்று பேர் மூன்று தரம் சொன்னார்கள். நான் வாய்க்கு வந்தபடி உருவாக்கிய ஒரு கிழட்டுப் படகோட்டியைப் போல எங்களோடு விளையாடும் இணைந்த கணித ரியூசன் மாஸ்டர் கதைத்துக் காட்டினார். "அந்தக் கயிறை நீ அண்டைக்கு விட்டிட்டு வந்திராட்டி" என்று ஒரு சண்டை, இரண்டு கிழமை பழைய கயிறு.

ஆக, என் மேசைக்கு வேண்டியது திட்டம் போடுவதும், சின்னச் சாமான்களைக் கெட்டித்தனமாகப் பாவிப்பதும். உங்கள் படலையில் வேறு கதை நடக்கலாம். "கடைசி அடியில 20 விழுந்துதே!" என்று துள்ளுகிறார்கள் என்றால் நீங்கள் டி அண்ட் டியை விட்டுப் போகத் தேவையில்லை, லெவல் குறைந்த புதுக் கதையைத் தொடங்கினால் போதும். பாத்திரத்தை எப்படிக் கட்டுவது, எந்தத் திறமையோடு எதைச் சேர்ப்பது என்று வாதாடுகிறார்கள் என்றால் நான் கைவிட்ட பாத்ஃபைண்டரை நீங்கள் எடுங்கள். பாத்திரங்களின் தாய் தகப்பன், காதல், துரோகம் என்று கதைக்கிறார்கள் என்றால் வின்சன்ட் பேக்கரும் மெகி பேக்கரும் 2010இல் கொண்டுவந்த அப்போகலிப்ஸ் வேர்ல்டின் வழிவந்த விளையாட்டுகளைப் பாருங்கள். அவற்றில் சாதாரண ஆறு முகக் கட்டை இரண்டுதான். 10ஓ அதற்கு மேலோ வந்தால் நடக்கும். 7இலிருந்து 9 வரை வந்தால் நடக்கும், ஆனால் ஒரு சோலியும் கூட வரும். 6ஓ அதற்குக் கீழேயோ என்றால் நடத்துகிறவர் சிரிப்பார். பாத்திரத்தின் திறமைக்காக ஒன்றைக் கூட்டிப் போடுகிறவருக்கு நூற்றுக்கு 44 தரம் அந்த நடுவிலான "நடக்கும், ஆனா" விழும். கதை அந்தச் சோலிகளால்தான் ஓடும்.

தமிழில் மூன்று வசனம்

விதிப்புத்தகம் ஆங்கிலத்தில் இருக்கும், மேசை தமிழில் இருக்கும். இந்த இடைவெளியைப் பற்றி விமர்சனம் எழுதுகிறவர்கள் எழுத மாட்டார்கள், அவர்களுக்கு அது இல்லை. நான் வைத்திருக்கும் சோதனை: அந்த விளையாட்டின் அடிப்படை விதியை எங்கள் அம்மாவுக்கு மூன்று வசனத்தில் சொல்ல முடியுமா?

பயங்கரக் கதை விளையாட்டான கோல் ஒஃப் கத்துலு இதில் முதலாம் பிள்ளை. "உனக்கு ஒளிஞ்சு நடக்கிறதுக்கு 60. நூறுக்கு உருட்டு. 60 அல்லது அதுக்குக் குறைய விழுந்தா ஆருக்கும் தெரியாமப் போயிடுவாய்." முடிந்தது. 1981இல் வந்த விளையாட்டு, இன்னும் இந்த அடிப்படை மாறவில்லை. ஒரேயொரு சிக்கல், பள்ளிக்கூடப் பழக்கம். மாஸ்டர் 95 விழுந்தவுடன் கையைத் தூக்கி "ஏ சித்தி!" என்று கத்திவிட்டு, பிறகு தோற்றது விளங்கி இருந்தார். குறையக் குறைய நல்லது என்பது அவர் தலைக்குள் போக மூன்று செஷன் எடுத்தது.

சில விளையாட்டுகளில் விதியே சொற்களால் ஆனது. ஃபேட் அப்படி. பாத்திரத்தைப் பற்றி ஒரு வாக்கியம் எழுத வேண்டும், அந்த வாக்கியம் உங்களுக்கு உதவவும் வேண்டும், காலை வாரவும் வேண்டும். இதை ஆங்கிலத்தில் எழுதச் சொன்னால் எங்கள் ஆட்கள் பரீட்சை எழுதுவது போல எழுதுவார்கள். தமிழில் எழுதச் சொன்னேன். "வாய்க்காரி, ஆனா அண்ணன்ர பேர் எடுத்தா வாய் அடைக்கும்" என்று மச்சாள் எழுதினாள். அந்த ஒரு வரிக்காகவே ஃபேட் இரண்டு மாதம் ஓடியிருக்கும். நான்தான் நடத்தத் தெரியாமல் கெடுத்தேன். இன்னொரு நாள் பார்க்க வேண்டும்.

கட்டையும் கடதாசியும் கரண்டும்

பல முகக் கட்டைகள் இங்கே கடையில் வாங்குவது கஷ்டம். எங்களிடம் இருக்கும் ஏழு கட்டை கொண்ட இரண்டு செட்டும் கனடாவிலிருந்து சித்தி வந்தபோது, சொக்கிலேற்றுக்கும் விக்ஸுக்கும் நடுவில் வந்தவை. உங்களுக்குச் சித்தி இல்லையென்றால் பயப்படத் தேவையில்லை. அப்போகலிப்ஸ் வேர்ல்ட் வகை, களவுக் கதை விளையாட்டான பிளேட்ஸ் இன் த டார்க், இவையெல்லாம் லூடோப் பெட்டிக் கட்டையிலேயே ஓடும். ஃபேட்டுக்குத் தனிக் கட்டை நாலு வேண்டும் என்பார்கள். சாதாரணக் கட்டையில் 1, 2 என்றால் கழித்தல், 3, 4 என்றால் வெறுமை, 5, 6 என்றால் கூட்டல் என்று வைத்தால் அதேதான். அதில் செலவழிக்கும் புள்ளிகளை எண்ணப் புளியங்கொட்டை திறம். பத்து முகக் கட்டை இல்லையென்றால் காட்ஸில் ஒரு சாதியின் ஏஸிலிருந்து பத்துவரை எடுத்து, ஒன்றை உருவிப் பார்த்துவிட்டுத் திருப்பிக் கலையுங்கள்.

காட்ஸை மேசையில் பரப்பி விளையாடும் சிஸ்டங்களை மட்டும் யோசித்து எடுங்கள். எங்கள் விறாந்தை ஃபானுக்குக் கீழே ஒன்றும் நிற்காது. ஃபானை நிற்பாட்டினால் ஆட்கள் நிற்க மாட்டார்கள்.

பக்கக் கணக்குக்கு வருகிறேன். 2014இல் வந்த டி அண்ட் டி ஐந்தாம் பதிப்பில் விளையாடுகிறவருக்கான புத்தகம் மட்டுமே 320 பக்கம், நடத்துகிறவருக்கு இன்னும் இரண்டு. நான் கேட்கும் கேள்வி வேறு: மேசையில் ஒருவர் முன்னால் எத்தனை தாள் இருந்தால் அவர் புத்தகம் கேட்காமல் விளையாடுவார்? ஒரு தாள் என்றால் எங்கள் வீட்டுக்குச் சரி. இரண்டு என்றால் யோசிப்பேன். இந்தக் கேள்வியை எனக்குக் கற்றுத்தந்தது 2022. மார்ச் கடைசியில் நாளுக்கு 13 மணித்தியாலம்வரை கரண்ட் போன காலம் அது. அதுவரை பாத்திர விபரமெல்லாம் போன் அப்பில் இருந்தது. பிடிஎஃப்பும் போனில். மெழுகுதிரி வெளிச்சத்தில் ஆறு பேர், போனில் சார்ஜ் இல்லை, யாருக்கும் தன் பாத்திரத்துக்கு என்ன தெரியும் என்று தெரியவில்லை. அன்று கைவிட்டுவிட்டுப் பேய்க்கதை சொன்னோம். அது நல்ல இரவுதான், ஆனால் அதற்குச் சிஸ்டம் தேவையில்லை.

கடைக்காரியாக ஒன்று. இலவசம் என்பதும் பிரதி எடுக்கலாம் என்பதும் ஒன்றல்ல. ஒருவர் வாங்கிய பிடிஎஃப்பை ஐந்து பேருக்கு அடித்துத் தா என்று கேட்டால் நான் மாட்டேன் என்பேன். ஆனால் பிரதி எடுக்க விடுகிற கிரியேட்டிவ் கொமன்ஸ் உரிமத்தில் வெளியிட்டவை கணக்க இருக்கின்றன. டி அண்ட் டியின் அடிப்படை விதித் தொகுப்பு 2023 ஜனவரியில் அப்படித் திறந்துவிடப்பட்டது. பிளேட்ஸின் அடிப்படை விதிகளும் திறந்தவை. யோச்சாய் கால் எழுதிய கெய்ர்ன் என்ற சின்ன ஆர்பிஜி முழுவதுமே திறந்தது. இவற்றை அடிக்கலாம், தமிழில் மாற்றி எழுதியும் கொடுக்கலாம், மூல ஆளின் பெயரைப் போட்டு, உரிமம் என்ன கேட்கிறதோ அதன்படி. கெய்ர்னை மாற்றினால் நீங்கள் மாற்றியதையும் அதே மாதிரித் திறந்துவிட வேண்டும்.

காசு கொடுத்துப் புத்தகம் வாங்குவது கடைசி வேலையாக இருக்கட்டும். கப்பல் கூலியோடு ஒரு தடித்த புத்தகம் வந்து இறங்கினால், பிடிக்காவிட்டாலும் அதையே விளையாட வேண்டும் என்று மனம் சொல்லும்.

எங்கே கோடு

இதைத் தனியாக எழுத வேண்டும். டி அண்ட் டி நடத்திய காலத்தில் ஒரு நாள், ஒரு கற்பனை நகரத்தின் வாசலில் காவலர்கள் சனத்தை வரிசையில் நிற்பாட்டி, முகத்தை மூடிய ஒருவன் ஆட்களைப் பார்த்துத் தலையாட்டுவதாகச் சொன்னேன். கதைக்கு விறுவிறுப்பு என்று நினைத்தேன். எங்களோடு விளையாடும் தாதி எழும்பிக் குசினிக்குள் போனாள். கால் மணித்தியாலம் வரவில்லை. அம்மாவோடு நின்று வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள். நான் போனபோது ஒன்றும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. கேட்டுத்தான் தெரிய வேண்டும் என்றில்லை.

அடுத்த கிழமை ஒரு தாளில் கோடு போட்டோம். சுற்றிவளைப்பு, தலையாட்டி, காணாமல் போவது, ஷெல் சத்தம், இவை எங்கள் மேசைக்கு வராது. ரொன் எட்வர்ட்ஸ் என்பவர் இதற்குக் கோடுகள், திரைகள் என்று பெயர் வைத்தார். கோடு தாண்டக் கூடாதது. திரை என்றால் நடந்தது என்று சொல்லலாம், விபரிக்க வேண்டாம். ஜோன் ஸ்டாவ்ரொபுலோஸ் உருவாக்கிய எக்ஸ் அட்டையும் நடுவில் கிடக்கும். யாராவது தொட்டால் காட்சியை மாற்ற வேண்டும், காரணம் கேட்கக் கூடாது.

சிஸ்டம் தெரிவு செய்யும்போது இது எப்படி வருகிறது என்றால், சில விளையாட்டுகளில் நீங்கள் கோடு போட்ட விஷயமே விதியாக இருக்கும். கத்துலுவில் பயங்கரத்தைப் பார்த்தால் புத்தி பேதலிக்கும், அதற்குப் புள்ளிக்கணக்கு உண்டு. மனநோய் விடுதியில் வேலை செய்கிற தாதிக்கு அது விளையாட்டாகத் தெரியவில்லை. "ஆக்கள் அப்பிடிப் பேதலிக்கிறேல்லையடி" என்றாள். அந்த விதியைக் கழற்றினால் கத்துலுவில் பாதி போய்விடும். ஆகவே ஆட்களின் கோடுகளை முதலில் எழுதுங்கள், பிறகு விதிப்புத்தகத்தைத் திறவுங்கள்.

ஒரே கதை, மூன்று சனிக்கிழமை

இந்தக் கட்டுரையில் ஒன்றை மட்டும் செய்வதென்றால் இதைச் செய்யுங்கள். மூன்று சிஸ்டத்தைப் பிடித்து, மூன்றிலும் அதே கதையை ஒவ்வொரு பின்னேரம் விளையாடுங்கள். கதை மாறினால் எது நன்றாயிருந்தது என்று தெரியாது, கதையா சிஸ்டமா என்று குழம்பும்.

எங்கள் கதை 1927 நவம்பர், காந்தி யாழ்ப்பாணம் வந்த கிழமை. ஊர் முழுக்கச் சனம், கவனமெல்லாம் அங்கே. வண்ணார்பண்ணையில் ஒரு பெரிய நாற்சார் வீட்டில் ஒரு பெட்டி ஏட்டுச்சுவடி இருக்கிறது, விடிந்தால் ரயிலில் ஏற்றிவிடுவார்கள். அதற்கு முன் எடுக்க வேண்டும். பழைய கலண்டர்த் தாளின் பின்பக்கத்தில் வீட்டின் படத்தைக் கீறினேன்: நடு முற்றம், நாலு பக்கமும் தாழ்வாரம், பின் வளவில் துலாக்கிணறு, ஒரு நாய், ஒரு காவல்காரன், நித்திரை வராத ஒரு பாட்டி.

முதல் சனி, கத்துலு. அதன் வழமையான காலமே 1920கள் என்பதால் துணி, விளக்கு, துவக்கு எல்லாம் தயாராக இருந்தன. புத்திப் புள்ளியை ஒதுக்கிவைத்துவிட்டு நடத்தினேன். சுவடியைப் பற்றி விசாரிப்பது, சத்தம் கேட்பது, ஆளை மடக்கிக் கதைப்பது, எல்லாவற்றுக்கும் எண் உண்டு. தோற்றால் ஆபத்தைக் கூட்டி இன்னொரு தரம் உருட்டலாம் என்ற விதி அருமை, மேசையே மூச்சைப் பிடித்தது. ஆனால் ஒரு விஷயம் கவனித்தேன். ஆட்கள் தாளைப் பார்த்து யோசித்தார்கள். "எனக்கு ஏறுறது 20தான் இருக்கு, அப்ப வேண்டாம்." கலண்டர்ப் படத்தை ஒருவரும் பார்க்கவில்லை. படலையடியில் பத்து நிமிடம்.

இரண்டாம் சனி, பிளேட்ஸ் இன் த டார்க். ஜோன் ஹார்ப்பரின் 2017ஆம் ஆண்டு விளையாட்டு, களவுக்காகவே செய்தது. எத்தனை கட்டை கிடைக்கிறதோ அத்தனையும் உருட்டி, பெரியதை மட்டும் பார்ப்பது. 6 என்றால் முழு வெற்றி, 4, 5 என்றால் வெற்றியும் சோலியும், அதற்குக் கீழே என்றால் சோலி மட்டும். இரண்டு கட்டை போட்டால் வெறும் சோலி வருவது நாலில் ஒரு தரம், முழு வெற்றி நூற்றுக்கு 31, மிச்சம் நடுவில். அதன் பெரிய கெட்டித்தனம், திட்டம் போடும் நேரத்தை வெட்டிவிடுவது. நேரே களவுக்குள் இறங்கி, தேவைப்படும்போது பின்னோக்கிப் போய் "நேற்றே நான் காவல்காரனுக்குக் கள்ளு வாங்கிக் குடுத்திட்டன்" என்று சொல்லலாம். தம்பிக்கும் வங்கியில் வேலை செய்யும் அவன் கூட்டாளிக்கும் பைத்தியம் பிடித்த மாதிரிச் சந்தோஷம். மற்ற மூன்று பேரும் முகத்தைத் தொங்கப்போட்டு இருந்தார்கள். மாஸ்டர்தான் சொன்னார்: "திட்டம் போடுறதுதானே விளையாட்டு. அதை வெட்டிப்போட்டு என்னத்தை விளையாடுறது?"

உலகம் முழுக்கப் புகழ்கிற விளையாட்டு எங்கள் மேசையில் விழுந்த இடம் அதுதான். அது எந்த வேலையை மிச்சப்படுத்தியதோ அந்த வேலைக்காகத்தான் எங்கள் ஆட்கள் சனிக்கிழமை வருகிறார்கள். என் கொப்பியில் இருந்ததை நானே மறந்துபோனேன்.

மூன்றாம் சனி, கெய்ர்ன். எனக்கு இதில் நம்பிக்கை இல்லை, சின்ன விளையாட்டு. பாத்திரத்துக்கு வலிமை, விரைவு, மனத்திடம் என்று மூன்று எண்தான். ஆபத்தில் மாட்டினால் இருபது முகக் கட்டையை உருட்டி அந்த எண்ணுக்குள் விழ வேண்டும். சண்டையில் அடி படுமா என்று உருட்டுவதே இல்லை, பட்டுவிடும், எவ்வளவு காயம் என்பதுதான் கேள்வி. அதனால் சண்டைக்குப் போகவே பயம் வரும். சாமானுக்குப் பத்து இடம், பாரமானது இரண்டு இடம் பிடிக்கும். இவ்வளவும் ஒரு தாளுக்குள் அடங்கிற்று.

முதல் ஐம்பது நிமிடம் ஒரு கட்டையும் உருளவில்லை. உருட்டிப் பார்க்கத் தாளில் ஒன்றுமில்லாததால் எல்லாரும் கலண்டருக்கு மேலே குனிந்துவிட்டார்கள். நாய்க்கு வடை என்று முடிவானது. வடையை யார் வாங்குவது, எத்தனை வடை ஒரு இடம் பிடிக்கும் என்று வாதம். பிறகு மச்சாள், நாலு கிழமையாகப் பத்து வார்த்தைக்கு மேல் பேசாதவள், விரலைக் கிணற்றில் வைத்து, "துலா மதிலுக்கு மேலால போகுமே?" என்றாள்.

துலாவின் நீளத்தை மாஸ்டர் கணக்குப் பார்த்தார். ஒரு பக்கம் ஆள் தொங்கினால் மறுபக்கம் எத்தனை பேர் ஏறி மிதிக்க வேண்டும் என்று வங்கிக்காரன் கேட்டான். பெட்டியைத் தூக்காமல் ஏட்டுக் கட்டுகளை மட்டும் சாரத்தில் சுற்றித் துலாக் கயிற்றில் கட்டி மதிலுக்கு அப்பால் இறக்குவது என்று முடிவு. நான் ஒரே ஒரு தரம்தான் உருட்டச் சொன்னேன், துலா கிறீச்சிட்டபோது. மச்சாளின் விரைவு 11. விழுந்தது 12. பாட்டி யன்னலைத் திறந்தா.

அன்று படலையடியில் ஒன்பதே கால்வரை நின்றார்கள். மோட்டார் சைக்கிள் சீற்றில் இருந்த தூசியில் மாஸ்டர் விரலால் துலா கீறிக்கொண்டிருந்தார்.

முடிவைக் கேட்கிற விதம்

கை தூக்கச் சொல்லாதீர்கள். மாஸ்டர் எந்தப் பக்கம் கை தூக்குகிறாரோ அந்தப் பக்கம் அவரிடம் படித்த இரண்டு பேரும் தூக்குவார்கள். நான் ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகப் போன் எடுத்து ஒரே கேள்வி கேட்டேன்: "மூண்டில எதை இனி விளையாடவே மாட்டன் எண்டு சொல்லுவாய்?" பிடித்ததைச் சொல்ல ஆட்கள் யோசிப்பார்கள், பிடிக்காததை உடனே சொல்வார்கள். அதுவும் "எனக்கு எதெண்டாலும் ஓகே" என்கிற ஆளிடம் இந்தக் கேள்வியைக் கட்டாயம் கேளுங்கள். அப்படிச் சொல்கிறவர்தான் மூன்று மாதத்தில் "வேலை கூட" என்று வராமல் நிற்பவர். நடத்துகிறவரும் தன் பதிலை எண்ண வேண்டும். எல்லாருக்கும் பிடித்தும் உங்களுக்கு நடத்தப் பிடிக்கவில்லையென்றால் அது ஓடாது, வேறு யாராவது நடத்த வரட்டும்.

தம்பிக்கும் வங்கிக்காரனுக்கும் பிளேட்ஸ் ஆசை இன்னும் தீரவில்லை. அவர்கள் போயா நாட்களில் இரண்டு பேராக விளையாடுகிறார்கள். ஆள் குறைவென்றால் ஷோன் டொம்கினின் அயன்ஸ்வோர்ன் பாருங்கள் என்று சொல்லியிருக்கிறேன், பிடிஎஃப் இலவசம், நடத்துகிறவர் இல்லாமலே ஓடும், தனியாகவும் விளையாடலாம். சின்னப் பிள்ளைகளோடு என்றால் சுண்டெலிகளாக விளையாடும் மௌஸ்ரிட்டர். ஒரு பின்னேரத்துக்கு மட்டும் என்றால் ஜோன் ஹார்ப்பரின் லேசர்ஸ் அண்ட் ஃபீலிங்ஸ், விதி முழுவதும் ஒரே பக்கம்.

தெரிவு செய்த பிறகு குறைந்தது நாலு செஷன் அதிலேயே நில்லுங்கள். முதல் செஷனில் எல்லாச் சிஸ்டமும் கொஞ்சம் முட்டாள்தனமாகத்தான் தெரியும். பழைய பாத்திரங்களைப் புது விதிக்குக் கணக்குப் போட்டு மாற்றப் பார்க்காதீர்கள். எட்டாம் லெவல் மந்திரவாதியைப் பத்துச் சாமானுக்குள் அடக்கினால் மிஞ்சுவது ஒரு கோபக்காரக் கிழவன்தான். அதற்குப் பதில் பழைய கதைக்கு ஒரு கடைசி இரவு வையுங்கள். நாங்கள் வைத்தோம், அம்மா ரோல்ஸ் பொரித்தா. ஆளுக்கொரு தரம், தங்கள் பாத்திரம் அடுத்த பத்து வருஷத்தில் என்னவானது என்று சொன்னார்கள், கட்டை உருட்டவில்லை. தாதியின் வீராங்கனை ஏதோ ஒரு தீவில் ஆட்டுப்பண்ணை வைத்திருக்கிறாள். அந்தத் தாள்களை ஒன்றாக ஸ்பைரல் பைண்ட் பண்ணிக் கடை அலுமாரியில் வைத்திருக்கிறேன். கடைக்கு வரும்போதெல்லாம் தம்பி அதை எடுத்துப் புரட்டிவிட்டு, தன் மந்திரவாதியின் பக்கத்தில் பென்சிலால் ஏதாவது கூட்டி எழுதிவிட்டுப் போகிறான்.